டோன்: தொனியா, சாயலா, வெளிர்வா?

வணக்கம் நண்பர்களே,

நிலக்காட்சிப் படத்தைக் கருப்பு வெள்ளைக்கு மாற்றும்போது திருத்துகிறோமே டோன் (ஒரு நிறம் சாம்பலில் எவ்வளவு வெளுப்பாக, எவ்வளவு கருப்பாகத் தெரிகிறது என்பது), அதற்குத் தமிழில் 'தொனி' என்று முந்தைய மடலில் வந்திருந்தது. எனக்கு அதில் குரல்தான் கேட்கிறது. 'சாயல்' இன்னும் சிக்கல், அதை ஹியூவுக்கு (சிவப்பா, பச்சையா, நீலமா என்னும் நிறவகைக்கு) பலர் எழுதிப் பழகிவிட்டார்கள்.

சொல்லை விடுங்கள், முதலில் வேலையைப் பார்ப்போம். வேலூரிலிருந்து அமிர்தி போகும் வழியில் எடுத்த படம் ஒன்று: சிவப்பு பெயின்ட் அடித்த ஓட்டுக்கூரை, அதை ஒட்டிப் பலாமரம், பின்னால் ஜவ்வாது மலை. கலரில் கூரை பளிச்சென்று இருந்தது. அப்படியே மாற்றினேன், கூரையைக் காணோம்! மரத்தோடு கலந்துவிட்டது. வழக்கமான சூத்திரம் சிவப்பில் 0.299, பச்சையில் 0.587, நீலத்தில் 0.114 பங்கு எடுத்துக் கூட்டும். கூரையின் சிவப்பு, பச்சை, நீல அளவுகள் 200, 60, 40. இலை 60, 130, 50. பெருக்கிப் பாருங்கள், இரண்டும் ஏறக்குறைய 100. அப்புறம் எப்படிக் கூரை தெரியும்? சிவப்பை ஏற்றிப் பச்சையை இறக்கியதும்தான் பிரிந்தது. ஃபிலிம் காலத்தில் லென்ஸ் முன்னால் சிவப்பு ஃபில்டர் மாட்டியதும் இதற்குத்தான். நீலத்தை இறக்கினால் வானம் கருத்து மேகம் எழும்பும், ஆசைப்பட்டு ரொம்ப இறக்கினால் மலை விளிம்பில் வெள்ளைக் கோடு விழும், வானம் புள்ளி புள்ளியாகும்.

ஆக, ஏற்றவும் இறக்கவும் தோதான சொல் வேண்டும். என் பரிந்துரை 'வெளிர்வு'. வெளிர் நீலம், வெளிர் பச்சை என்று எழுதுகிறோமே, அந்த வெளிர்தான் (துணிக்கடையில் லைட் என்றுதான் கேட்போம், அது வேறு). "பச்சையின் வெளிர்வை இறக்கு" என்றால் யாருக்கும் புரியும். டோன் திருத்தம் வெளிர்வுத் திருத்தம், டோனல் ரேஞ்ச் (படத்தின் கருப்பிலிருந்து வெள்ளை வரையிலான பரப்பு) வெளிர்வு வீச்சு.

கோட்டைச் சுவரின் நிழலில் கிடக்கும் கருங்கல்லுக்கும் வெளிர்வா என்று கேட்பீர்கள். குள்ளமானவரிடமும் உயரம் எவ்வளவு என்றுதானே கேட்கிறோம்? 'ஒளிர்வு' போதாதா என்றால், அது பிரைட்னஸ், படம் முழுக்கச் சேர்ந்து ஏறும். நமக்கு வேண்டியது ஒவ்வொரு நிறமும் எந்தச் சாம்பலில் போய் உட்காருகிறது என்பது.

புகைப்படக் கலைஞர்கள் ஆன்சல் ஆடம்ஸும் ஃபிரெட் ஆர்ச்சரும் வகுத்த ஸோன் முறையில் கருப்பிலிருந்து வெள்ளை வரை பிரித்த 11 ஸோன்களையும் வெளிர்வுப்படிகள் என்றே சொல்லிவிடலாம். 'படி' நகலோடு குழம்புமோ என்று மட்டும் ஒரு சந்தேகம். வேறு யோசனை இருந்தால் எழுதுங்கள்.