எட்டாவதோடு ஆர்டிஇ முடிகிறது, அப்புறம்?

பென்னாகரம் அப்பா:
பொண்ணு ஆர்டிஇ (கல்வி உரிமைச் சட்டம்) 25 சதவீத இலவச இடத்தில் தனியார் பள்ளியில் படிக்கிறாள், இந்த வருடம் எட்டாவது. ஒன்பதாவதுக்கு முழு ஃபீஸும் கட்டச் சொல்கிறார்கள். அரசுப் பள்ளிக்கு மாற்றினால் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு மருத்துவப் படிப்பில் தரும் அந்த 7.5 சதவீத ஒதுக்கீடு அவளுக்குக் கிடைக்காதா?

காரிமங்கலம் தம்பி:
ஃபீஸ் கேட்பது சட்டப்படி சரிதான் அண்ணா. 2009 மத்தியச் சட்டமே 6 முதல் 14 வயது வரைதான். ஏழைப் பிள்ளையைப் பாதி ஆற்றில் இறக்கிவிடுகிற வேலை, என்ன சொல்ல.

ஓசூர் டீச்சர்:
கிடைக்கும். ஆர்டிஇ-யில் எட்டாவது வரை படித்தவர்கள் 9 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்தால் மருத்துவ ஒதுக்கீடு உண்டு, தமிழ்நாட்டின் 2020 ஒதுக்கீட்டுச் சட்டத்திலேயே இருக்கிறது, கல்லூரி போனதும் புதுமைப்பெண் திட்ட உதவித்தொகை மாதம் 1000 ரூபாயும் வரும். டிசி வாங்கும்போதே ஆர்டிஇ-யில் படித்ததற்குச் சான்றும் எழுதி வாங்கிவிடுங்கள், பின்னால் கேட்டால் அலைய விடுவார்கள்.

பென்னாகரம் அப்பா:
சரிங்க டீச்சர், திங்கட்கிழமையே கேட்கிறேன்.