சுவரில் ஏறிய விரல்கள்

மும்பை மாட்டுங்காவிலிருந்து எழுதுகிறேன். எனக்கு மார்பகப் புற்றுநோய். கீமோ முடிந்து போன வருஷம் ஆடியில் இடது மார்பகத்தை எடுத்தார்கள், அக்குளில் இருந்த நிணநீர்க் கணுக்களோடு சேர்த்து. காயத்து நீர் வடிய வைத்த குழாயோடு வீட்டுக்கு வந்த அன்றே நாத்தனார் சட்டம் போட்டுவிட்டார்: "அண்ணி, அந்தக் கையை அசைக்கவே கூடாது." நானும் கட்டுப்பட்டேன். குழாய் எடுத்த பிறகும் கையை வயிற்றோடு ஒட்டியே வைத்திருந்ததில் தோள் இறுகிப்போய்த் தலை பின்ன முடியவில்லை. அக்குளிலிருந்து முழங்கை வரை தோலுக்கடியில் கயிறு விறைத்த மாதிரி வேறு. பயந்து ஓடினேன். பிசியோ அலட்டிக்கொள்ளவே இல்லை. கணு எடுத்த பலருக்கு வருவதுதான், நீட்ட நீட்ட இளகும் என்றார்.

அவர் சொன்னதில் எனக்குப் பிடித்துப்போனது சுவர் ஏறுவது. சுவரைப் பார்த்து நின்று விரல்களை எறும்பு போல மேலே நகர்த்த வேண்டும். இழுப்பு தெரிந்ததும் நின்று மூச்சு விட்டு, மெல்ல இறங்க வேண்டும். பல்லைக் கடித்துக்கொண்டு ஏறக் கூடாது. எங்கள் ஒற்றை அறை வீட்டில் காலியாக இருந்த சுவர், மகனின் உயரத்தை வருஷா வருஷம் பென்சிலில் குறித்த இடம்தான். முதல் நாள் என் விரல் நின்றது அவன் மூன்றாம் வகுப்புக் கோட்டில். ஐந்தாம் வகுப்புக்குப் பத்து நாள். எட்டாம் வகுப்பில் ரேடியேஷன் வந்து தோல் இறுகி, இரண்டு வாரம் அங்கேயே ஃபெயில். தீபாவளிக்குள் அவன் கோடுகள் தீர்ந்துவிட்டன.

*

அக்கா, நான் செம்பூரிலிருந்து எழுதுகிறேன். என் கதை நேர் எதிர். தைரியசாலி என்று காட்ட, அதிகாலைத் தண்ணீர் வந்ததும் நிறைந்த வாளியை ஆபரேஷன் செய்த பக்கத்துக் கையாலேயே தூக்கினேன். சாயங்காலம் வளையல் கழலவில்லை. நிணநீர் வீக்கம், அதாவது கணு எடுத்த பக்கம் நீர் சரியாக வடியாமல் கை வீங்குவது. அதற்கப்புறம் தேங்காய் வாங்கிய பையைக் கூடத் தொடப் பயம். 2009-இல் வந்த ஓர் அமெரிக்க ஆய்வை டாக்டர்தான் சொன்னார்: கை வீங்கிய 141 பெண்களில் ஒரு பாதியினர் வாரம் இரண்டு நாள், கொஞ்சம் கொஞ்சமாகக் கனம் கூட்டித் தூக்கினார்களாம், அதனால் வீக்கம் கூடவில்லையாம். ஒரே மூச்சில் வாளி தூக்குவதற்கும் அதற்கும் உள்ள வித்தியாசம் அப்போதுதான் உறைத்தது. இப்போது கையை இறுக்கிப் பிடிக்கும் ஸ்லீவ் மாட்டிக்கொண்டு அரை லிட்டர் பாட்டிலோடு பயிற்சி. ஞாயிறுதோறும் இன்ச் டேப்பால் இரண்டு கையையும் அளந்து காலண்டரில் எழுதுகிறேன்.

*

நான் முலுண்டிலிருந்து. தோள் தேவலை. புற்றுநோய் திரும்பாமல் இருக்கத் தந்த லெட்ரோசோல் மாத்திரைதான் படுத்துகிறது, காலையில் முட்டி துருப்பிடித்த கீல். அதற்காக வராந்தாவில் நாளுக்கு அரை மணி, வாரம் ஐந்து நாள் நடக்கிறேன். பக்கத்து வீட்டு மராட்டி ஆஜியும் (பாட்டியும்) சேர்ந்துகொண்டார். மாத்திரை அவருக்கில்லை, வம்புக்காக வருகிறார்.

*

மறுபடியும் மாட்டுங்கா. நேற்று சி.எஸ்.எம்.டி. ஸ்டேஷனில் ரயில் ஏறினேன், லேடீஸ் பெட்டியில் உட்கார இடமில்லை. மேலே தொங்கிய கைப்பிடியைப் பிடித்துக்கொண்டேன். பைக்குளா தாண்டிய பிறகுதான் பார்த்தேன், இடது கை.