டைனிஎஸ்ஏ காட்டும் ஹார்மோனிக்கை நம்பலாமா?

ஹாம் (அமெச்சூர் ரேடியோ) நண்பர்களே, ஒரு உதவி வேண்டும்.

என் 5 வாட் வாக்கிடாக்கி 145 மெகாஹெர்ட்ஸில் பேசும்போது அதன் இரட்டிப்பான 290-இல் (இரண்டாம் ஹார்மோனிக்) எவ்வளவு கசிகிறது என்று பார்க்க, 350 வரை அளக்கும் பழைய மாடல் டைனிஎஸ்ஏ (எந்த அதிர்வெண்ணில் எவ்வளவு சிக்னல் என்று காட்டும் சிறு ஸ்பெக்ட்ரம் அனலைசர்) வாங்கினேன். 5 வாட் என்பது 37 டிபிஎம் (1 மில்லிவாட்டோடு ஒப்பிட்ட டெசிபல் அளவு), இந்தக் கருவி தாங்குவதோ 10 வரைதான், அதனால் நடுவில் சிக்னலைக் குறைக்கும் 40 டெசிபல் அட்டெனுவேட்டர் போட்டேன். மெயின் சிக்னல் மைனஸ் 3 பக்கத்தில் சரியாக நிற்கிறது. 290-இல் அதைவிட 42 டெசிபல் கீழே திரையில் முள் மாதிரி ஒரு சிக்னல்.

அப்புறம் கருவியின் உள் அட்டெனுவேஷனை ஆட்டோவில் விடாமல் 10-இல் நிறுத்திவிட்டு, வெளியே இன்னொரு 10 டெசிபல் சேர்த்துப் பார்த்தேன். மெயின் சிக்னல் 10 இறங்கியது, முள் மட்டும் 20 கிட்ட இறங்கிவிட்டது! உண்மையிலேயே ரேடியோவிலிருந்து வருவதென்றால் இரண்டும் ஒரே அளவுதானே இறங்க வேண்டும்? அப்படியானால் அது கருவியின் மிக்சரே (உள்ளே அதிர்வெண்ணை மாற்றும் பகுதி) உண்டாக்குவது என்றுதான் நினைக்கிறேன். இதை நம்பி ரேடியோவைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை.

அட்டெனுவேட்டருக்குப் பிறகு ஒரு டீ (T வடிவ இணைப்பான்) போட்டு, முனை திறந்த 34 சென்டிமீட்டர் ஆர்ஜி58 கோஆக்சியல் கேபிளைத் தொங்கவிட்டால், 145-ஐ அமுக்கி 290-ஐ விட்டுவிடும் என்பது என் கணக்கு. யாராவது இப்படிச் செய்து பார்த்திருக்கிறீர்களா? எத்தனை டெசிபல் அமுங்கியது? கேபிளை நறுக்கும்போது நானோவிஎன்ஏ (கேபிள், ஆன்டெனாவை அளக்கும் சிறு கருவி) இல்லாமல் நீளத்தைச் சரிபார்க்க வழி உண்டா? மூன்றாம் ஹார்மோனிக்கான 435-ஐ அளக்க, கருவியில் மேல் அதிர்வெண்களுக்கென உள்ள ஹை இன்புட் போதுமா என்றும் சொல்லுங்கள்.