தட்டினா துள்ளும் டாவ்: என்.ஜி.சி. 2362 பாத்தவங்க எழுதுங்க

பாளை
எட்டு இஞ்ச் டாப்சன் தொலைநோக்கி, 25 மி.மீ. ஐபீஸ் (கண்ணு வச்சுப் பாக்குத லென்ஸ்), 48 மடங்கு. பெருநாய் மண்டலத்து டாவ்ங்கற நட்சத்திரம் நடுவுல, சுத்தி பொடிப்பொடியா என்.ஜி.சி. 2362 நட்சத்திரக் கொத்து. குழாயை விரலால லேசாத் தட்டினா பொடி நட்சத்திரம் எல்லாம் ஒண்ணா ஆடுது, டாவ் மட்டும் தனியாத் துள்ளுது, கூட்டத்தோட சேராத மாதிரி. ஐபீஸை முன்னபின்ன நகத்துத ஃபோகசர் லூசா, எல்லாருக்கும் இப்படித்தானா?

அம்பை
ஃபோகசர் லூசுன்னா மொத்தக் காட்சியும் சேந்துதான் ஆடும். இது கண்ணோட வேலை. பளிச்சுன்னு இருக்க ஒளிய கண்ணு சட்டுன்னு பிடிச்சிரும், மங்கலானது கொஞ்சம் பிந்தித்தான் பதியும். டாவோட ஒளி அளவு 4.4 (எண் கூடக்கூட மங்கல்), மத்தது பெரும்பாலும் எட்டுக்கும் மங்கல். அந்த வித்தியாசம்தான் துள்ளலாத் தெரியுது.

திசையன்விளை
மொதல்ல அது டாவ்தானான்னு பாருங்க. அதே மண்டலத்து வெசன் நட்சத்திரத்துல இருந்து வடகிழக்கா 2.7 டிகிரி போனா ஃபைண்டர்ல (குறிபாக்குத சின்னக் குழாய்) ரெண்டு நட்சத்திரம், நடுவுல அரை டிகிரி கூட இருக்காது. தெக்க இருக்கதுதான் டாவ், வடக்க இருக்கது யூ.டபிள்யூங்கற வேற நட்சத்திரம். நேர்க்குழாய் ஃபைண்டர்ல தலைகீழாத் தெரியும், அங்கதான் நிறையபேர் மாத்திருதாங்க.

அம்பை
கொத்து தெரிஞ்சுதுன்னு அவரே எழுதியிருக்காரே அண்ணாச்சி. யூ.டபிள்யூவைச் சுத்தி ஏது கொத்து?

தென்காசி
துள்ளல் கிடக்கட்டும், டாவைப் பிரிச்சுப் பாருங்க. அது ஒத்த நட்சத்திரமே இல்ல. உள்ள ஒரு ஜோடி 1.28 நாளுக்கு ஒருக்க சுத்தி ஒண்ணையொண்ணு மறைக்கும். அந்த ஜோடி இன்னொண்ணோட 155 நாள்ல சுத்துது. இதெல்லாம் நம்ம குழாய்ல பிரியாது. பிரியுறது வெளியில இருக்க ரெண்டுதான்: 8 விகலையில (ஒரு டிகிரியை 3600-ஆ பிரிச்சா ஒரு பங்குதான் விகலை) ஒண்ணு, 14 விகலைகிட்ட ஒண்ணு. ரெண்டும் பத்துக்கு மேல மங்கல், டாவோட கூச்சத்துல முங்கிரும்.

48 மடங்குல கதையாவாது. 150-க்கு மேல போங்க. மாசி பத்து வாக்குல ராத்திரி ஒம்பதரைக்குத் தெக்க 56 டிகிரியில உச்சிக்கு வரும், அப்பப் பாக்கணும். தட்டட்டியில (மொட்டைமாடி) தட்டோடு பதிச்சிருந்தா பகல் சூட்டைக் கக்கிட்டே இருக்கும், பிம்பம் கொதிக்கும். மண் தரையில வைங்க. பெரிய கண்ணாடி ஆற முக்கால் மணி நேரமாவது விடணும். கோலிமேஷன், அதான் கண்ணாடிகளோட நேர்ப்பொருத்தம், பிசகியிருந்தா டாவுக்கு வால் முளைச்சு 8 விகலைக்காரனை மூடிரும்.

இன்னொண்ணு, சின்னக் கண்ணாடியைத் தாங்குத ஸ்பைடர் கம்பி போடுத ஒளிக்கீத்து சரியா துணை நட்சத்திரம் மேலயே விழும். டாப்சன் குழாயைத் திருப்ப முடியாது, ஆனா உச்சிகிட்ட காட்சியே ஒரு மணி நேரத்துல 25 டிகிரிக்கு மேல சுழலும். கொஞ்சம் பொறுத்து மறுபடி பாருங்க. பனிக்கு மொதல்ல மூடுறது ஃபைண்டர்தான், சார்ட் அட்டையைச் சுருட்டி மாட்டிருங்க.

திசையன்விளை
அவர் கேட்டது ஃபோகசரைப் பத்தி, அண்ணாச்சி.

பாளை
யூ.டபிள்யூவை நடுவுல வச்சுத் தட்டியாச்சு. அது துள்ளல. டாவுக்கு வந்தா மறுபடி அதே துள்ளல்தான்.