சமயத்தில் வாய்க்காத பதிலடி: பழகினால் வருமா?

மெதுவடை:
சென்ற மாதம் உறவினர் வீட்டுத் திருமணப் பந்தியில் எதிர் வரிசையில் அமர்ந்திருந்த சித்தப்பா, ரசத்துக்காகச் சோற்றில் குழி பறித்துக்கொண்டே, "என்னடா, உன்னிடம் முன்னேற்றமே தெரியவில்லையே?" என்று நான்கு பேர் காதில் விழும்படி கேட்டார். நான் இலையைப் பார்த்துச் சிரித்து வைத்தேன். பதில் என்று ஒன்று தோன்றியபோது இரவு மணி 11. பேருந்து விழுப்புரத்தைத் தாண்டியிருந்தது. மடக்கிப் பேசுவது பிறவியிலேயே வர வேண்டியதா, பழகிப் பெறக்கூடியதா?

ஏட்டுச்சுரைக்காய்:
பழகலாம், ஆனால் பழக வேண்டியது வாயை அல்ல, காதை. கம்பர் 'நாலிலைப் பந்தலடி' என்று விடுகதை போட்டு ஒளவையைச் சீண்டியதாக வழங்கும் கதையை நினைத்துப் பாருங்கள். (இருவரும் ஒரே காலத்தவரா என்ற வழக்கை இங்கே இழுக்க வேண்டாம்.) 'எட்டேகால் லட்சணமே' என்று தொடங்குகிறது பதில். தமிழ் எண்களில் எட்டு 'அ', கால் 'வ', சேர்த்தால் அவலட்சணம். எமனேறும் பரி எருமை, கூரையில்லா வீடு குட்டிச்சுவர் என்று வசவு வளர்கிறது. இவ்வளவையும் முன்கூட்டியே யோசித்து வைத்திருக்க முடியும். முடிக்கும்போது சொன்ன 'ஆரையடா சொன்னாயடா' என்பதை மட்டும் முடியாது. ஏனெனில் அது விடுகதையின் விடையான, நாலிலை கொண்ட ஆரைக்கீரையாகவும், 'யாரைப் பார்த்துச் சொன்னாய்' என்ற அதட்டலாகவும் ஒரே மூச்சில் நிற்பதோடு, அவர் போட்ட 'அடி'க்கு 'அடா'வையும் திருப்பிக் கொடுத்துவிடுகிறது.

திண்ணைவாசி:
காதைப் பற்றிச் சொன்னது சரி. ஆனால் சித்தப்பாவை எருமை என்றால் அடுத்த பந்தியில் இலை விழாது. எனக்குக் காளமேகமே உகந்தவர். நாகையில் காத்தான் சத்திரத்தில் பசியோடு காத்திருந்தவர், 'அத்தமிக்கும் போதில் அரிசி வரும்', குத்தி உலையிலிட ஊரடங்கும், ஓரகப்பை அன்னம் இலையில் விழ 'வெள்ளி எழும்' (பொழுது சாயும்போது அரிசி வந்து, சோறு விழ விடிவெள்ளியே வந்துவிடும்) என்று பாடிவிட்டார். சத்திரத்துக்காரர் பதறிப்போய் மன்றாடியதும், ஒரு சொல்லையும் மாற்றாமல் அதே வெண்பாவுக்கு வேறு பொருள் சொன்னாராம்: ஊரெங்கும் உணவு அற்றுப்போகும் காலத்திலும் இங்கே அரிசி வரும், உலையிலிட்டால் ஊரின் பசி அடங்கும், சோற்றின் வெண்மைக்கு வெள்ளியும் நாணும். குத்திய இடத்திலேயே மருந்தும் வைத்திருந்தார், அவ்வளவுதான்.

உங்கள் சித்தப்பா 'முன்னேற்றம்' என்ற சொல்லைத் தாமாகவே கையில் கொடுத்திருக்கிறார். "ஏன் சித்தப்பா, ஆண்டுக்கு ஆண்டு என் நெற்றி முன்னேறுவது தெரியவில்லையா?" என்று தலையைத் தடவியிருந்தால் பந்தியே சிரித்திருக்கும், அவரும் சிரித்திருப்பார். உங்களுக்கு வழுக்கை உண்டா என்பது தெரியாமல் எழுதுகிறேன், மன்னிக்கவும்.

ஏட்டுச்சுரைக்காய்:
நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் மனப்பாடம் செய்துகொண்டு போகாதீர்கள். அவர் "வேலை எப்படி?" என்று கேட்க, நீங்கள் நெற்றியைத் தடவிக்கொண்டு நின்றால் தலைவலியா என்று விசாரிப்பார்கள்.

மெதுவடை:
வழுக்கை தாராளமாக உண்டு. ஆவணியில் இன்னொரு திருமணம் வருகிறது. சித்தப்பா இதே கேள்வியை மூன்று ஆண்டுகளாகச் சொல் மாறாமல் கேட்டு வருகிறார் என்பதால், மனப்பாடமே போதும் என்று நினைக்கிறேன்.