மறு: சுழியோடி முதுகில் கலனைத் தாங்கும் வார்களுக்கு ஒரு சொல்

அன்புள்ள குழுவினருக்கு,

கடலில் மூழ்குபவர், அதாவது சுழியோடி, தம் காற்றுக் கலனை முதுகில் தாங்க அணியும் வார்களை ஆங்கிலத்தில் ‘ஹார்னெஸ்’ என்கிறார்கள். அதற்குத் தமிழ்ச்சொல் தேடுகையில் வந்த கேள்விகளுக்கு என் பதில்கள் இவை.

> ‘ஹார்னெஸ்’ என்பதற்கு அகராதியில் ‘சேணம்’ இருக்கிறதே. புதுச்சொல் எதற்கு?

சேணம் என்பது குதிரைக்கு மனிதன் பூட்டுவது. நாம் பேசும் பொருளை ஒருவர் தாமே அணிந்து, தாமே இறுக்கி, ஆபத்து வந்தால் ஒரே கையால் தாமே கழற்ற வேண்டும். எனக்கு அந்தச் சொல்லில் மனம் ஒட்டவில்லை.

> ‘மிதப்புச் சட்டை’ போதாதா?

அது வேறு பொருள். காற்றை நிரப்பியும் வெளியேற்றியும் மிதப்பைச் சரிசெய்யும் பைதான் அதன் உயிர். பெரும்பாலும் பையும் வார்களும் ஒன்றாகத் தைத்தே விற்கப்படுவதால் குழப்பம் வருகிறது. முதுகுத்தகடு, அதில் கோத்த வார், பின்னால் பை என்று தனித்தனியாக வாங்குவோரும் உண்டு. அவர்களுக்கு மூன்று சொற்கள் வேண்டும்.

இந்த வார்களின் அருமை கரையிலிருந்து இறங்குவோருக்குத்தான் நன்றாகத் தெரியும். கரீபியன் கடலில் உள்ள பொனேர் தீவில், சாலையோரத்து மஞ்சள் கற்கள் இறங்குமிடங்களைக் காட்டுகின்றன. வண்டியை நிறுத்தி, கலனை முதுகில் மாட்டி, பவளக்கற்கள் மேல் தள்ளாடி நடந்தே கடலுக்குள் போக வேண்டும். அங்கே ஓரிடத்தின் பெயர் ‘ஆயிரம் படிகள்’. எண்ணிப் பார்த்தால் நூறுகூட வராது. சுமையோடு திரும்பி ஏறுகிறவருக்குத்தான் அவை ஆயிரம். பரவலாகப் பயன்படும் 11 லிட்டர் அலுமினியக் கலன் காலியாகவே சுமார் 14 கிலோ. காற்றை நிரப்பினால் ஏறத்தாழ இரண்டரை கிலோ கூடும். நீரில் அமிழ்வதற்காகக் கட்டிக்கொள்ளும் ஈயக்கட்டிகள் தனி. (செய்தித்தாள்கள் இந்தக் கலனை ‘ஆக்சிஜன் சிலிண்டர்’ என்று எழுதுவதை நிறுத்த வேண்டும். பொழுதுபோக்காக மூழ்குவோர் சுவாசிப்பது பெரும்பாலும் அழுத்திய சாதாரணக் காற்று. தூய ஆக்சிஜன் 6 மீட்டருக்குக் கீழே நஞ்சாகக்கூடும்.)

நீருக்குள் இந்தக் கனம் தெரியாது. ஆகவே வார் வசதியானதா என்பதைக் கரையில் நடந்து பார்த்துத்தான் சொல்ல முடியும். புதியவர்கள் தோள்வாரைத்தான் இழுத்து இழுத்து இறுக்குகிறார்கள். அது அக்குளை அறுக்கும், கழற்றும்போது கையை விடாது. சுமை இடுப்பில் இறங்க வேண்டும். கால்களுக்கிடையே வரும் கவட்டுவார், தகடு மேலேறிக் கலனின் வால்வு பின்னந்தலையில் இடிக்காமல் பிடித்துக்கொள்கிறது. மெத்தை வைத்த வார் கடையில் சுகமாக இருக்கும். நீரில் அது மிதக்க, அதை அமிழ்த்த மேலும் ஈயம் வேண்டும். அந்த ஈயத்தையும் சுமந்துதான் படியேற வேண்டும்! 5 செ.மீ. அகல நெடுவார் ஒன்றைத் தகட்டின் துளைகளில் கோத்து, மூழ்கும் உடையை அணிந்தபடியே உடலுக்கு அளவு பார்த்து வெட்டிக்கொள்வதையே நான் விரும்புகிறேன்.

தோள், இடை, கவடு என ஓடும் வார்கள் ஒரே கட்டாகிச் சுமையைப் பங்கிடுகின்றன. எனவே என் பரிந்துரை: வார்க்கட்டு. தலைப்பாகையைக் குறிக்கும் தலைக்கட்டு என்பதைப் போல, கேட்டவுடன் விளங்கும். மலையேறுவோருக்கும் உயரத்தில் வேலை செய்யும் கட்டடத் தொழிலாளருக்கும் பொருந்தும். ‘வாரணி’ என்று ஒருவர் எழுதியிருந்தார். இனிய சொல்தான், ஆனால் பழம்பாடல்களில் அது மார்க்கச்சை அணிந்த பெண்களை வருணிக்கும் தொடர். பாதுகாப்புக் கருவிக்கு வேண்டாம்.

உறுப்புகள்: தோள்வார், இடைவார், கவட்டுவார்.

*

வணக்கம். திருகோணமலையிலிருந்து எழுதுகிறேன்.

வார்க்கட்டு நல்ல சொல். தலைப்பில் ‘சுழியோடி’ என்று எழுதியதற்கு நன்றி. எங்கள் பத்திரிகைகளில் அதுதான் வழக்கம். தமிழக நண்பர்கள் ‘நீர்மூழ்கி வீரர்’ என்று எழுதும்போது எனக்குக் கப்பல்தான் கண்ணில் வருகிறது.

ஒரு தடை. ‘இடைவார்’ என்றால் நடுவில் வரும் வார் என்றும் பொருள்படும். சில வார்க்கட்டுகளில் மார்பின் குறுக்கேயும் ஒரு வார் உண்டு. கற்றுக்கொள்பவர் அவசரத்தில் எதை அவிழ்ப்பார்? அரைஞாண் போல ‘அரைவார்’ எனலாமா?

*

‘அரை’ என்றதும் பாதி என்று நினைப்பவர்கள் உண்டே, ஐயா. உங்கள் தடை மிகச் சரி. நீருக்கடியில் ஒரே பொருள் தரும் சொல்தான் வேண்டும். அழகு குறைந்தாலும் இடுப்புவார், குறுக்கே வருவது மார்புவார் என்று பட்டியலில் திருத்திவிட்டேன். அடுத்து, வாரில் கொக்கிகளை மாட்ட உதவும் அரைவட்ட உலோக வளையத்துக்கு உங்கள் ஊரில் என்ன சொல்கிறார்கள்?