மறு: ‘வென்ட்டிங்’ – ‘கசிவு’ என்று எழுத வேண்டாம்

குழுவினருக்கு வணக்கம்.

வீட்டில் திரவ ஆக்சிஜன் கலன் வைத்திருப்பவர்களுக்கான கையேட்டு வரைவை முழுதாகப் படித்தேன். பெரும்பாலான சொற்களில் எனக்கு மறுப்பில்லை. ‘தாய்க்கலன், சேய்க்கலன்’ பிரமாதம். வீட்டில் நிற்கும் பெரிய கலன் எது, அதிலிருந்து நிரப்பித் தோளில் மாட்டிக்கொண்டு போகும் சின்னது எது என்று விளக்கவே வேண்டாம். ‘நீர்ம ஆக்சிஜன்’ வேண்டாம், ‘திரவ ஆக்சிஜன்’ என்றே இருக்கட்டும். தண்ணீர் கலந்த ஏதோ ஒன்று என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. என் சிக்கல், கலன் தானே கொஞ்சம் வாயுவை வெளியே விடுவதை (ஆங்கிலத்தில் ‘வென்ட்டிங்’) ‘கசிவு’ என்று சொல்லும் இந்த வரியில்தான்:

> கலனில் அழுத்தம் கூடும்போது சிறிதளவு வாயுக் கசிவு ஏற்படும். இது இயல்பானது.

இது அப்படியே அச்சுக்குப் போகக் கூடாது. சில பக்கங்கள் தள்ளி, ‘கசிவு ஏற்பட்டால் ஜன்னல்களைத் திறந்துவிட்டு உடனே வெளியேறவும்’ என்று நாமே எழுதியிருக்கிறோம். ஒரு கசிவு இயல்பாம், இன்னொரு கசிவு ஆபத்தாம். படிக்கிற வீட்டார் என்ன செய்வார்கள்? முதல் ராத்திரியே சத்தம் கேட்டு நோயாளியைத் தூக்கிக்கொண்டு தெருவுக்கு ஓடுவார்கள். இல்லையென்றால் சத்தம் பழகிப்போய், நிஜமாகவே கசியும்போதும் ‘அது அப்படித்தான்’ என்று உட்கார்ந்திருப்பார்கள். எனக்குப் பயம் இரண்டாவதில்தான்.

உள்ளே நடப்பதைப் பார்த்தால் இது கசிவே இல்லை. திரவ ஆக்சிஜன் சுமார் மைனஸ் 183 டிகிரி செல்சியஸில் கொதிக்கும். கலனுக்கு இரட்டைச் சுவர், நடுவில் வெற்றிடம்; இருந்தாலும் வெளிச்சூடு கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே போய்க்கொண்டேதான் இருக்கும். ஒரு லிட்டர் திரவம் ஆவியானால் ஏறத்தாழ 860 லிட்டர் வாயு. அது போக வழி வேண்டாமா? அழுத்தம் ஏறியதும் வால்வு தானே திறந்து, ‘உஸ்’ என்று கொஞ்சம் வெளியே விட்டு மூடிக்கொள்ளும். யாரும் பயன்படுத்தாமல் வைத்திருந்தாலும் கலன் நாளடைவில் காலியாவது இதனால்தான். இப்படி வெளியே விடாமல் அடைத்துக்கொண்டால்தான் ஆபத்து.

சரி, மாற்றுச் சொற்கள். ‘வென்ட்டிங்’குக்காக இந்த விவாத இழையில் வந்தவற்றை ஒவ்வொன்றாகச் சொல்லிப் பார்த்தேன்.

‘ஆவிபோக்கு’ – கேட்க அழகுதான். ஆனால் மூச்சுக்குத் திணறும் ஒருவர் கட்டிலருகே ‘ஆவி போகும், பயப்பட வேண்டாம்’ என்று எழுதி ஒட்ட முடியுமா?

‘வாயு பிரிதல்’ – முன்மொழிந்த நண்பர் கோபிக்கக் கூடாது. அதற்கு நம் ஊர்களில் வேறு வழக்கு உண்டு.

‘அழுத்தத் தணிப்பு’ – பொறியாளருக்குச் சரி. ஆனால் நோயாளி வீட்டில் ‘அழுத்தம்’ என்றாலே ரத்த அழுத்தம்தான். மாத்திரையைத் தேடுவார்கள்.

என் முன்மொழிவு: தணிசீறல்.

காதில் விழுவது சீறல்தான், பெயரும் அதுவே. அதைவிட முக்கியம், ‘தணிசீறல்’ வினைத்தொகை. தணிந்த, தணிகின்ற, தணியும் சீறல். கொஞ்ச நேரத்தில் அடங்கிவிடும் என்பது பெயரிலேயே இருக்கிறது. அடங்காமல் இரைந்துகொண்டே இருந்தால் அது தணிசீறல் அல்ல. கலனைத் தந்தவர்களை உடனே கூப்பிட வேண்டும். ‘நிஜக் கசிவும்தானே சீறும்?’ என்று நேற்று ஒருவர் கேட்டிருந்தார். ஆமாம், சீறும். அதனால்தான் வெறும் ‘சீறல்’ போதாது என்கிறேன்.

‘கசிவு’ என்ற சொல்லைத் திரவம் வெளியே வருவதற்கும், அடங்காத வாயு இரைச்சலுக்கும் மட்டும் ஒதுக்கிவிடலாம். அதற்குச் சரியான உதாரணம் வரைவிலேயே இருக்கிறது, ஆனால் ஒரே வரியில் ஓடிவிட்டது. சேய்க்கலனை நிரப்பும்போது இணைப்பு முனையில் ஒரு சொட்டு ஈரம் இருந்தால் போதும், அது அங்கேயே பனிக்கட்டியாகி வால்வை மூடவிடாமல் பிடித்துக்கொள்ளும். சேய்க்கலனைக் கழற்றிய பிறகும் முனையிலிருந்து திரவம் வந்துகொண்டே இருக்கும், வெள்ளைப் புகைபோல் தரையில் பரவும். இது கசிவு. ஆகவே, நிரப்பும் முன் இரு முனைகளையும் நூல் பிரியாத உலர்ந்த துணியால் துடைக்க வேண்டும் என்பதைப் பெரிய எழுத்தில் போடுங்கள். கலன்கள் ஒன்றோடொன்று உறைந்து ஒட்டிக்கொண்டால் முறுக்கிப் பிடுங்காமல், உருகும்வரை காத்திருக்க வேண்டும் என்பதையும் சேருங்கள்.

அடுத்தது ‘குளிர்த் தீப்புண்’, அதாவது கடுங்குளிர் பட்டுத் தோல் உறைவதால் வரும் புண். இதை நான் கடுமையாக எதிர்க்கிறேன். தீப்புண் என்றால் கை தானாக எண்ணெய்க்கோ களிம்புக்கோ போகும். எண்ணெய்ப் பசை ஆக்சிஜன் கருவியின் பக்கமே வரக் கூடாது. நோயாளியின் காய்ந்த மூக்குக்குக்கூடப் பெட்ரோலியம் ஜெல்லி தடவாமல் நீர் சார்ந்த களிம்புதான் தடவச் சொல்கிறோம். ‘உறைபுண்’ என்று எழுதுவோம். உறைந்த இடத்தைத் தேய்க்காமல் வெதுவெதுப்பான நீரில் வைத்து மருத்துவரிடம் போக வேண்டும் என்ற அறிவுரையும் அந்தப் பெயரோடு ஒட்டி நிற்கும்.

‘ஆக்சிஜன் செறிவூட்டப்பட்ட ஆடை’ – அலுவலகத் தமிழ். ‘ஆக்சிஜன் ஊறிய துணி’ போதும். வாயு வெளியே தெரியாமல் துணியில் ஊறியிருக்கும், சின்னப் பொறி பட்டாலும் குப்பென்று பிடிக்கும் என்பது அந்த ஒரு சொல்லிலேயே புரிகிறது. நெருப்பருகே போகுமுன் அரை மணி நேரமாவது காற்றாட விட வேண்டும் என்பதற்கும் காரணம் கிடைத்துவிடும். ஆனால் ‘எரியக்கூடிய வாயு’ என்ற தொடரைத் தயவுசெய்து எடுத்துவிடுங்கள். ஆக்சிஜன் எரியாது, மற்றதை எரிய வைக்கும். ‘எரிதுணை’ என்ற பழைய பரிந்துரையே சரி.

‘கலனை மூடிய அலமாரியில் வைக்கக் கூடாது, மேலே துணி போர்த்தக் கூடாது’ என்ற வரியைத் தணிசீறல் பத்திக்குக் கீழே கொண்டுவந்தால் நல்லது. வெளியே வரும் வாயு அங்கேயே தேங்கி, பக்கத்துப் பொருள்களில் ஊறும் என்பதுதானே காரணம். சேய்க்கலனைச் சட்டைக்குள் மறைத்து எடுத்துப்போகக் கூடாது என்பதும் அங்கேயே வரலாம்.

இன்னும் தீராதது ‘கன்னுலா’, அதாவது மூக்கில் செருகி ஆக்சிஜன் கொடுக்கும் மெல்லிய குழாய். ‘மூக்குக்குழாய்’ என்றால் உணவு செலுத்தும் குழாயோடு குழம்பும், ‘மூச்சுக்குழாய்’ உடல் உறுப்பு. ‘வளிக்குழல்’ என்று யோசித்தேன், அதிலும் முழுத் திருப்தி இல்லை. வேறு யாருக்காவது தோன்றுகிறதா? இல்லையென்றால் கன்னுலாவாகவே விட்டுவிடலாம் என்பது என் கருத்து.